மேற்பிரிவுக்கு இரண்டாம் நடை

கீழ்ப்பிரிவு, மூங்கிலோயாத் தோட்டம்,
அப்புத்தளை.
2025 டிசெம்பர் 13

ரஜீவன் தம்பிக்கு,

கோயில் தொலைபேசிக்கு நீங்கள் பலமுறை எடுத்ததாகப் பாதர் சொன்னார். நான் வந்து பேசவில்லை என்று மனம் நோக வேண்டாம். உங்கள் குரலும் உங்கள் அண்ணன் குரலும் ஒரே குரல். முந்தியெல்லாம் நீங்கள் எடுத்தால் நான் ஏமாந்துபோய் "எங்க நிக்கிறீங்க, சாப்டீங்களா" என்று கேட்பேன், நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது அந்தக் குரலை என்னால் காதில் வாங்க முடியாது. என் போனையும் அணைத்துத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள்.

நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் கண்டது இதுதான். அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழை. மேற்பிரிவு லயத்து வீடுகளுக்கு மேலே மண் வெடித்திருக்கிறது என்று மத்தியானம் யாரோ வந்து சொன்னார்கள். உங்கள் அண்ணன் கெப்பை எடுத்துக்கொண்டு மேலே போனார். பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள், வயதானவர்கள் என்று பின்பெட்டி நிறைய ஏற்றிவந்து மாதா கோயில் மண்டபத்தில் இறக்கினார். நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா அதற்கு எதிரேதானே. தாய்மார் வந்து தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக, நான் ஓடிப்போய் அவரிடம் நின்றேன். தலையிலிருந்து தண்ணீர் வழிய, "இன்னும் ஆளுங்க இருக்காங்க கேஷா. இன்னொரு நடை போயிட்டு வந்துர்றேன். தேத்தண்ணி ஊத்தி வை" என்றார்.

தேத்தண்ணி ஊற்றும்போது போன் அடித்தது. மழை இரைச்சலுக்குள் அவர் குரல். "கேஷா, கெப்பு நி..." அவ்வளவுதான். அறுந்துவிட்டது. அரை மணி நேரமாகத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும்போதே மலை இறங்கிய சத்தம் கேட்டது.

கெப்பு நின்னுருச்சு. அதைச் சொல்லத்தான் எடுத்தார். பழைய கெப் எந்தத் தண்ணீரிலும் நின்றதில்லை. கம்ப்யூட்டர் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, சாவியைத் திருப்பினால் ஓடியது. புதியது பாதுகாப்பு, காற்றுப்பை இருக்கிறது, வழுக்காது என்று வாராவாரம் போனில் ஓதி அதை விற்க வைத்தது யார்? வேண்டாம் என்று நான் சொன்னேன். "தம்பி அதே வண்டி செய்யிற கம்பெனில இருக்கான், அவனுக்குத் தெரியாதா" என்றார்.

அவரும் கிடைக்கவில்லை, கெப்பும் கிடைக்கவில்லை. நீங்களும் வரவில்லை.

கேஷானி


ரயோங், தாய்லாந்து.
2025 டிசெம்பர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. எப்படிப் பதில் எழுதுவதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது வண்டி மட்டும்தான். அதையே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதல் வாரம் லீவு தரவில்லை. தந்தபோது அங்கே பாதையும் இல்லை, ரயிலும் இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் கொழும்புக்காவது வந்து நின்றிருக்கலாம்.

அப்பா ஓட்டிய தோட்டத்துக் கெப்பை நீங்கள் கண்டதில்லை. அதுதான் இந்த வண்டியின் முதல் தலைமுறை. முன்னால் தோட்டத்தை நடத்தும் துரைக்கும் கிளார்க்கருக்கும் இடம், மற்றவர்கள் எல்லாம் பின்பெட்டியில் நிற்க வேண்டியதுதான். சேற்றில் புதைந்தால் அப்பா இறங்கி, முழங்கால் மண்ணில் குத்தவைத்து, முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் உள்ள மூடியைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். அப்போதுதான் முன்சக்கரமும் இழுக்கும். அந்த வண்டியில் ஏறி இறங்கினால் கும்பிட்ட சாமியெல்லாம் நினைவுக்கு வரும்.

அண்ணன் விற்றது அதற்கு அடுத்த தலைமுறை. நாலு கதவு, டர்போ, முன்சக்கரத்தை உள்ளே இருந்தபடியே ஒரு கம்பியை இழுத்துப் பூட்டலாம். எண்ணெய்ப் பம்ப் முழுக்க இரும்பு வேலை. நீங்கள் சொன்னது சரி, அதில் கெட்டுப்போகக் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் அண்ணி, டீசல் என்ஜின் தண்ணீரில் நிற்பது கம்ப்யூட்டரால் மட்டும் இல்லை. என்ஜின் காற்றை இழுக்கிறதே, அந்த வாயில் தண்ணீர் போனால் எந்தத் தலைமுறையும் நிற்கும். பழையதில் அந்த வாய் கீழே இருந்தது. புதியதில் மேலே தூக்கி வைத்திருக்கிறோம். செஸிச் சட்டமும் கனம், பின் ஸ்பிரிங் பட்டைகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி அகலமாக வைத்திருப்பதால் சரிவில் சாய்வது குறைவு. ஒரு சக்கரம் வழுக்கினால் அதை மட்டும் பிரேக் பிடித்து மற்றதுக்குப் பலத்தைக் கொடுக்கும். அண்ணன் போகிற பாதைகளை நினைத்துத்தான் நான் மாற்றச் சொன்னேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நிற்கவே நிற்காது என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. வயர் முனை ஒன்றில் தண்ணீர் ஏறினாலும் நிற்கலாம். நானும் அதையே நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

ரஜீவன்


மூங்கிலோயா.
2026 ஜனவரி 12

ரஜீவன் தம்பிக்கு,

ஸ்பிரிங் பட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை.

கிராம சேவகர் ஒரு கடதாசி கொண்டுவந்தார். காணாமற்போனவர் இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைக்கவில்லை. பாதர் வந்து, மற்றக் குடும்பங்கள் எல்லாம் ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டன, நீயும் கொடம்மா என்றார். "உசிரோட இருக்கிறவருக்கு எதுக்கு பாதர் பூசை?" என்று கேட்டேன். அவர் என் தலையில் கைவைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் பைத்தியம் இல்லை தம்பி. ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். அந்தியில், வேலை விட்டுத் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, நான் காம்பராவைக் கூட்டிப் பூட்டும் நேரம், கீழே பாலத்து வளைவில் கெப் வருகிற சத்தம் கேட்கிறது. தினமும் இல்லை. மூட்டம் இறங்கி எதிர்ப்பக்க மலை மறையும் நாட்களில். வளைவுக்கு வந்து, கியர் மாற்றி, ஏறத் தொடங்கும். நான் வெளியே வந்து நிற்பேன். அதற்கப்புறம் வராது. திரும்பிப் போகிற சத்தமும் இருக்காது.

பக்கத்து லயத்துப் பொம்பிளைகளிடம் கேட்டேன். ஒருத்தி "எனக்கு கேக்கல அக்கா" என்றாள். இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேற்பிரிவின் கடைசி லயத்தில் உயிரோடு எடுத்தது அந்தோனியம்மா ஒருவரைத்தான். மாடசாமி மாமாவின் வீட்டுக்காரி, உங்களுக்குத் தெரியும். பதுளை ஆஸ்பத்திரியில் இடுப்பில் கட்டுடன் கிடக்கிறார். போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் யாரிடமும் பேசுவதில்லை என்று நர்ஸ் சொன்னாள். உங்கள் அண்ணனைக் கண்டாரா என்றுகூடக் கேட்க முடியாமல் வந்துவிட்டேன்.

கேஷானி


ரயோங்.
2026 ஜனவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

நம்புகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

எந்தக் கெப்பின் சத்தம்? பழையதா, புதியதா?

ஏன் கேட்கிறேன் என்றால், இங்கே என் வேலையே சத்தம்தான். ஓடும் வண்டிக்குள் மைக்குகளைக் கட்டி, எங்கே கிறீச்சிடுகிறது, எங்கே அதிர்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்போம். அவர்கள் அங்கே ஒரு ரப்பரை வைப்பார்கள், கதவுக்குள் பஞ்சை அடைப்பார்கள், கண்ணாடியைத் தடிப்பாக்குவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தை எடுத்துவிட்டோம். இப்போது சோதித்துக்கொண்டிருக்கும் நாலாவதில் மின்சார மோட்டாரும் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் வந்து நின்றால்தான் வந்தது தெரியும்.

ஆகவே புதிய கெப் பாலத்து வளைவில் வந்தால் உங்கள் வாசலுக்குக் கேட்காது அண்ணி. பழையது கேட்கும். அந்த வளைவில் அண்ணன் இரண்டாம் கியருக்கு இறக்கும்போது டர்போ ஒரு விசில் அடித்து அடங்கும். கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கியதுபோல. நீங்கள் கேட்பது அதுவென்றால், பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் தாஸிம் நானாதானே அதை வாங்கியவர். தோட்டத்துக்கு நிவாரணமோ மரக்கறியோ ஏற்றி வருகிறாரோ என்னவோ. ஒருமுறை போய்க் கேளுங்கள்.

உங்களைத் தேற்றுவதற்காக எழுதவில்லை. எனக்கும் தெரிய வேண்டும்.

ரஜீவன்


மூங்கிலோயா.
2026 பெப்ரவரி 9

ரஜீவன் தம்பிக்கு,

விசில் அடித்து அடங்குகிறது. நீங்கள் எழுதிய பிறகுதான் அதைக் கவனித்துக் கேட்டேன். பழைய கெப்தான்.

பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. நானாதான் வந்து போகிறார், நான் வீணாக ஒரு பேயை வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். நானா என்னைக் கண்டதும் கடையைப் பொடியன்களிடம் விட்டுவிட்டு எழுந்து வந்தார். வீட்டிலிருந்து அவர் மனைவி ஸித்தி ஸுபைதாவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். நான் கேட்டதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தக் கெப்பு ஓடுறல்ல மகள்" என்றார் நானா. "மழைக்கு முந்தியே படுத்திட்டு. இஞ்சினக் கழட்டி வெச்சீக்கிறன். வாங்க, காட்றன்."

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நான்கு பக்கமும் கல் அடுக்கி, சக்கரம் இல்லாமல் அதை ஏற்றி வைத்திருக்கிறார்கள். முன்மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் தரை தெரிந்தது. அதில் ஒரு கோழி அடைக்குக் கிடந்தது. என்ஜின் தனியாக, சாக்கு போர்த்தி, மூலையில் இருந்தது. நான் அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருக்குமோ என்று நினைத்தேன் போல. குளிர்ந்து கிடந்தது.

நானா மெல்ல, "அங்க சத்தம் கேட்டது எப்ப மகள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முன்மூடியை இறக்கி மூடினார். பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "மாணிக்கம் நல்ல மனிசன்" என்றார்.

அன்றைக்கும் அந்தியில் கேட்டது. இப்போது அது எதன் சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன், ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை.

இன்னொன்று. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. மேற்பிரிவுப் பாதையைத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்த பெகோ மெஷின்காரர்களுக்குப் போன வாரம் புதிய கெப் கிடைத்தது. லயத்துக்குக் கீழே ஓடைக்குள் மண்ணோடு மண்ணாக. இழுத்துவந்து தேயிலை ஃபெக்டரி முற்றத்தில் போட்டிருக்கிறார்கள்.

உள்ளே யாரும் இல்லை. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

கேஷானி


ரயோங்.
2026 பெப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

அதை யாரும் தொடுவதற்கு முன் போய்ப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் வேறு யாரையும் அனுப்ப வேண்டாம், விட்டுவிடுங்கள். முடிந்தால் இவற்றைப் பாருங்கள்.

கியர்த் தடி எங்கே நிற்கிறது? தானாக நின்றுபோன வண்டியைத் திரும்பக் கிளப்புகிறவன் கியரை நடுவில் வைத்துத்தான் சாவியைத் திருப்புவான். தடி இப்படியும் அப்படியும் ஆடினால் அது நடுவில் இருக்கிறது. அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் கியர் விழுந்திருக்கிறது.

ஹேண்ட் பிரேக் மேலே இழுபட்டிருக்கிறதா? அது பல்லில் பூட்டிக்கொள்ளும் சாமான். மண்ணில் உருண்டாலும் தானாக ஏறாது, தானாக இறங்காது.

சாவி துவாரத்தில் இருக்கிறதா?

வெள்ளத்தில் மாட்டியவன் ஹேண்ட் பிரேக்கை நினைக்கமாட்டான் அண்ணி. கதவைத் திறந்து குதிப்பான். சாவியையும் எடுக்கமாட்டான்.

எனக்கு இப்போது தூக்கம் இல்லை. இங்கே சோதனைப் பாதையில் ஒரு செயற்கை ஏற்றம் இருக்கிறது. அதில் நாலாம் தலைமுறை வண்டியை ஏற்றி நிறுத்துவதுதான் இந்த வாரம் வேலை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் பக்கத்து இருக்கையில் யாரோ இருப்பதுபோலத் தோன்றுகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை.

ரஜீவன்


மூங்கிலோயா.
2026 மார்ச் 6

ரஜீவன் தம்பிக்கு,

போனேன். கூட யாரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

கூரை நசுங்கி, முன்கண்ணாடி இல்லாமல் இருக்கிறது. ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறக்கவில்லை, மற்றப் பக்கத்தால் ஏறினேன். மண் காய்ந்து இருக்கை முழுவதும் பாளமாக இருந்தது. கையால் தோண்டினேன். கியர்த் தடி தெரிந்ததும் ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. தடியின் தலையில் உள்ள படத்தை விரலால் துடைத்துப் பார்த்தேன். ஒன்றில் இருந்தது.

ஹேண்ட் பிரேக் மேலே இருந்தது. நல்லாய் மேலே. அவர் எப்போதும் அப்படித்தான் இழுப்பார், இறக்குவதற்கு எனக்கு இரண்டு கையும் வேண்டும். இப்போதும் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். இறக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

சாவி இல்லை.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன் தம்பி. நீங்கள் எழுதாமல் விட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கெப்பு நின்னுருச்சு என்று அவர் சொல்ல வரவில்லை. "கெப்ப நிப்பாட்டிட்டு" என்று சொல்லத்தான் தொடங்கினார். கெப்ப நிப்பாட்டிட்டு மேலே நடந்து போறேன். கெப்ப நிப்பாட்டிட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வாறேன். இப்படி ஏதோ. மழையில் எனக்குக் கேட்டது பாதிச் சொல். மீதியை நானே போட்டுக்கொண்டு இத்தனை நாளாய் உங்களைத் திட்டினேன்.

வண்டி கைவிடவில்லை. அவர்தான் இறங்கிப் போனார்.

இதை எழுதும்போது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வண்டி மேல் கோபம் இருந்த வரைக்கும் அவர் அதற்குள் எங்கேயோ உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

கேஷானி


ரயோங்.
2026 மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

ஏன் இறங்கினார்?

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இதை மட்டும்தான் யோசிக்கிறேன். அப்பா ஒருநாளும் இறங்கமாட்டார். மேற்பிரிவுத் திருப்பத்தில் நிறுத்தி, அக்சிலேட்டரை இரண்டு மிதி மிதிப்பார். அந்த உறுமலுக்கு லயம் முழுவதும் வாசலுக்கு வந்துவிடும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு அவர்களே இறங்கி வருவார்கள். அண்ணனும் பழைய கெப்பில் அதைத்தான் செய்தார். ஹோர்ன்கூடத் தேவையில்லை. பாலத்து வளைவில் வரும்போதே "மாணிக்கம் வாறான்" என்று மேலே தெரிந்துவிடும்.

புதியதை எவ்வளவு மிதித்தாலும், அதன் மெல்லிய ஹோர்னை அடித்தாலும், அந்த மழைக்குள் யாருக்குக் கேட்டிருக்கும்? அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோமே. நான் கம்பெனியில் இந்தப் பிரிவில் சேர்ந்தபோது அண்ணனுக்கு எடுத்துச் சொன்னேன். "உள்ளே இருந்தா ஓடுறதே தெரியாதுண்ணே." அவர், "அப்ப வாறது எப்பிடிடா தெரியும்?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

யாருக்கும் கேட்காததால்தான் அவர் இறங்கி, மேலே ஏறி, கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். இல்லாவிட்டால் திருப்பத்திலேயே நின்றிருப்பார். ஏற்றிக்கொண்டு திரும்பியிருப்பார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மைக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கிறீச்சைக் கண்டுபிடித்தேன். பின்கதவில், சின்னது. அதைச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. மேலதிகாரி கேட்டார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

நீங்கள் முதலில் எழுதியது சரிதான் அண்ணி. காரணம் மட்டும்தான் வேறு.

ரஜீவன்


மூங்கிலோயா.
2026 ஏப்ரல் 7

ரஜீவனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெரிய வியாழனன்று பாதர் கொண்டுவந்து தந்தார். வாசித்துவிட்டு அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால் அதை இல்லை என்று எழுத எனக்கு வராது. உண்மையா என்று தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம். அந்தோனியம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து பண்டாரவளையில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்து நேற்றுப் போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். ரஜீவன் இப்படி நினைக்கிறான், சத்தம் இல்லாத வண்டி செய்ததால்தான் அண்ணன் போனார் என்று நினைக்கிறான் என்றேன்.

அவர் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சின்னவன் அப்பிடியா நெனைக்கிறான்?" என்றார். அந்த வாயிலிருந்து இத்தனை மாதத்தில் வந்த முதல் பேச்சாம். அடுப்படியிலிருந்த மகள் ஓடிவந்து கதவில் நின்றாள்.

"சத்தம் என்னாத்துக்கு? வெளிச்சம் வந்துச்சே" என்றார் அந்தோனியம்மா. "கரண்டு இல்ல. மழை இருட்டிக்கிட்டு நின்னுச்சு. திருப்பத்துல கெப்பு திரும்புனதும் லயத்துச் செவுரு பூராவும் வெள்ளையா அடிச்சிருச்சு. அம்மாடி, அப்பிடி ஒரு லைட்ட நா பாத்ததில்ல. நாங்க எல்லாரும் வாசலுக்கு வந்துட்டோம். அவன் கெப்ப நிப்பாட்டிட்டு, லைட்ட அணைக்காமலே வெச்சிட்டு இறங்கி வந்தான். வழி தெரியணும்ல."

"அப்ப ஏன் அத்தை மேல ஏறி வந்தாரு?" என்று கேட்டேன்.

"எம் புருசனுக்காகத்தான்."

மாடசாமி மாமாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இரண்டு வருடம். முதல் நடையில் அவரைத் தூக்கி வர ஆள் இல்லை, அடுத்த நடையில் ஏற்றுகிறேன் என்று உங்கள் அண்ணன் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்காகத்தான் திரும்பப் போயிருக்கிறார். மற்றவர்களைக் கெப்புக்கு இறங்கச் சொல்லிவிட்டு, மாமாவை முதுகில் ஏற்றி, வேட்டியால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டாராம். அந்தோனியம்மா பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். "அந்த மழையில குடை என்னாத்துக்கு? ஆனாலும் புடிச்சேன்" என்றார்.

ரஜீவன், பழைய கெப்பாக இருந்தாலும் அவர் இறங்கித்தான் இருப்பார். அப்பாவின் கெப்பாக இருந்தாலும் இறங்கித்தான் இருப்பார். அந்த லயத்திலிருந்து மாமாவைக் கீழே கொண்டுவர முதுகைத் தவிர வேறு வழி இல்லை. எந்தத் தலைமுறையிலும் இல்லை. இதை நான் உங்களைத் தேற்றுவதற்காக எழுதவில்லை. அந்தோனியம்மா சொன்னதை எழுதுகிறேன்.

இன்று காலையில் கிராம சேவகரிடம் போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன். பாதரிடமும் பெயரைக் கொடுத்துவிட்டேன். மே மாதம் பூசை. லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்து நேராக வீட்டுக்கு வாருங்கள், கோயிலில் போய் நிற்க வேண்டாம். அந்தியில் சத்தம் இன்னும் கேட்கிறது. நான் இப்போது அதற்கு வாசலுக்குப் போவதில்லை, உள்ளே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் கிளம்பும்போதுதான் அந்தோனியம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது வந்துவிட்டதே என்று அவரே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். இதை என்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாளும் பேச்சு வரவில்லையாம்.

பாதி வழியில், முதுகில் தொங்கிக்கொண்டிருந்த மாமா, அந்தக் கோணின வாயால், "டேய் மாணிக்கம், எனக்கு முன்சீட்டா?" என்று கேட்டாராம். நடமாடிய காலமெல்லாம் கெப்பில் பின்பெட்டியில் நின்றே போன மனிதர்.

"வேற யாருக்கு மாமா? நீங்கதான் இன்னைக்கு பெரிய துரை" என்றிருக்கிறார் உங்கள் அண்ணன்.

"அப்ப கதவ யாருடா தெறக்கிறது? துரை தெறக்கமாட்டார்ல?"

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். மாமா சிரிக்க, முதுகில் கட்டியிருந்ததால் உங்கள் அண்ணனுக்கும் உடம்பு குலுங்கி, நடக்க முடியாமல் அந்த மழைக்குள் நின்றுவிட்டாராம். "நின்னு சிரிச்சான்மா" என்றார் அந்தோனியம்மா. "நா குடையோட பின்னால நின்னு, போதும் நடங்கடான்னு ஏசுனேன். அவன் திரும்பி என்னப் பாத்தும் சிரிச்சான். அதுக்கப்புறந்தான் மலை வந்துச்சு."

கேஷானி